மேக்னெட்டோவைப் பிடித்த கை

மேக்னெட்டோவைப் பிடிக்கும்போது மாமா மூச்சை அடக்கிக்கொள்வார். மாமா என்றால் என் அக்காவின் கணவர். மண்ணூர்பேட்டையில் அவர்கள் வீட்டு வாசலில் இருந்த கொட்டகைதான் அவருடைய ஒர்க் ஷாப். பேட்டரியை நம்பாத அந்தக் காலத்துக் கார்களில், என்ஜின் சுற்றும்போது பிளக்குக்குத் தீப்பொறி தருகிற காந்தப் பெட்டிதான் மேக்னெட்டோ. அதைக் கழற்றி பெஞ்சில் வைத்து நான் அச்சைச் சுற்றுவேன். மாமா வயர் முனையை வலது கைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து, அதே கையின் சுண்டுவிரலைப் பெட்டியின் உடம்பில் ஊன்றுவார். கரண்ட் அந்த ஒரு கைக்குள்ளேயே சுற்றிவிட்டுப் போகும், நெஞ்சுக்கு ஏறாது என்பது அவர் கணக்கு. கையை வெடுக்கென்று உதற வைத்தால் பெட்டி நல்லது. சும்மா கிள்ளினால் காந்தம் சோர்ந்துவிட்டது. பொறியைக் கண்ணால் பார்த்துச் சொல்லக் கூடாதா என்றால், பகல் வெளிச்சத்தில் கண் பொய் சொல்லும் என்பார்.

எனக்கு அப்போது பக்கத்துத் தொழிற்பேட்டையில் லேத் வேலை. சாப்பாடு அக்கா வீட்டில்; அதற்கு வட்டியாக ஞாயிற்றுக்கிழமைகளில் மாமாவோடு மல்லுக்கட்டல். ஆவடி, பூந்தமல்லி என்று பழைய கார் வைத்திருந்தவர்கள் எல்லாம் அந்தக் கையை நம்பித்தான் வந்தார்கள். மாமாவுக்கு அதில் தலைகால் புரியாத பெருமை. அக்காவுக்கு அதே அளவு எரிச்சல். கொதிக்கிற பால் குண்டானை அவர் துணியில்லாமல் இறக்கிவைப்பதைப் பார்த்து இரும்புக் கை என்று நாங்களும் மெச்சிக்கொண்டிருந்தோம். அது பயப்பட வேண்டிய விஷயம் என்று யாருக்கும் தோன்றவில்லை.

எண்பதுகளின் கடைசியில் பூந்தமல்லிக்காரர் ஒருவர் தன் பாட்டனார் வாங்கிய சீமைக் காரைக் கயிறு கட்டி இழுத்து வந்தார். பட்டணத்தில் நடக்கும் பழைய கார் ஊர்வலத்தில் அதை ஓட்டிக் காட்ட வேண்டுமாம். கார் கிளம்ப மறுத்தது. மாமா மேக்னெட்டோவைப் பிடித்துப் பார்த்து, "எறும்பு கட்ச்சா மாதிரிதான் கீது" என்றார். காந்தம் ஏற்றினோம். பிடித்தார், எறும்புதான். காயிலைப் புதிதாகச் சுற்றினோம். அப்போதும் எறும்புதான். பெட்டி செத்துவிட்டது, வேறு தேடுங்கள் என்று பூந்தமல்லிக்காரரிடம் சொல்லி அனுப்பிவிட்டு, விட்டேனா பார் என்று மறுபடி அதன் முன் உட்கார்ந்தார்.

சோறு ஆறிப்போகிறது என்று திட்டிக்கொண்டே அக்கா வந்தாள். "இன்னாய்யா பெரிய கரண்டு, ஊரையே ஏமாத்திகினு கீற" என்று வயரைப் பிடுங்கி, அவர் செய்வதைப் போலவே சுண்டுவிரலை ஊன்றி, என்னைச் சுற்றச் சொன்னாள். சுற்றினேன். அடுத்த நொடி அக்கா பின்னால் கிடந்த எண்ணெய் டின் மேல் உட்கார்ந்திருந்தாள். மூச்சு வந்ததும் மாமாவின் பரம்பரையையே இழுத்து வைத்துத் திட்டினாள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மாமா வயரை எடுத்துப் பிடித்து, சுற்று என்றார். இன்னும் வேகமாக என்றார். அவர் முகத்தைப் பார்த்ததும் என் சிரிப்பு நின்றுவிட்டது.

அக்காவும் பார்த்துவிட்டாள். அவர் கையைத் திருப்பினாள். முழங்கைக்குக் கீழே வெளுத்த ஒரு தேமல். வளையலில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றி விரல் நுனியில் குத்தினாள்.

"தெரியுதாய்யா?"

மாமா இல்லை என்று தலையை ஆட்டினார்.

"எம்மா நாளா இப்டி கீது?"

பெட்ரோலில் ஊறி மரத்துப்போயிருக்கும் என்று நினைத்தேன் என்றார்.

தொழுநோய் என்று அரசாங்க ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். விரல்கள் மடங்குவதற்கு முன்பே வந்துவிட்டீர்கள், மாத்திரையை விடாமல் சாப்பிட்டால் கை பிழைக்கும், மற்றவர்களுக்கும் ஒட்டாது என்று டாக்டரம்மா தைரியம் சொன்னார். உணர்ச்சி திரும்புமா என்று மாமா கேட்டதற்கு மட்டும் அவர் உறுதி தரவில்லை. அன்று ராத்திரி மாமா தனித்தட்டு கேட்டார். அக்கா காது கேட்காதவள் மாதிரி தன் தட்டிலேயே அவருக்கும் சோற்றைப் போட்டு, எதிரே உட்கார்ந்து பிசைந்து தின்றாள். அவளைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது எனக்கு.

கோளாறு கார்புரேட்டரில் இருந்த அழுக்கு. அதைச் சுத்தம் செய்தபின் மாமா பூந்தமல்லிக்காரரை வரச் சொல்லி, "பெட்டி நல்லாத்தான் கீது சார், என் கைதான் செத்துப்போச்சு" என்று நோயின் பேரையும் சேர்த்து உள்ளதைச் சொன்னார். அந்த மனிதர் கொட்டகைக்குள் வரவில்லை. தெருவில் ஸ்கூட்டருக்குப் பக்கத்திலேயே நின்றார். ஆள் அனுப்பிக் காரைக் கயிறு கட்டி இழுத்துப்போவதாகச் சொன்னார். கார் கயிற்றில் போனால் மாமாவின் தொழிலும் அதோடு போயிற்று. அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். மாமா வயரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பிடித்துச் சொல்ல அவருக்குக் கை இல்லை. இத்தனை நாள் பெஞ்சில் கிடந்ததைச் சோதிக்காமல் மாட்டவும் மனம் இல்லை.

அக்கா அடுப்படியிலிருந்து வந்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வயரை வாங்கினாள். போன தடவை விளையாட்டாகப் பிடித்தாள். இந்தத் தடவை எப்படி வலிக்கும் என்று தெரிந்தே பிடித்தாள்.

"சுத்துடா."

எனக்குக் கை வரவில்லை. அவள் முறைத்த பிறகு சுற்றினேன். அவள் கை தெறித்தது. கஸ்மாலம், பேமானி என்று தொடங்கி அவள் மாமாவை வைத வசவு தெருமுனைவரை கேட்டிருக்கும். மாமா மூச்சை அடக்கிக்கொண்டு கடைசிச் சொல்வரை கேட்டார்.

"நல்லா கீது மச்சான். மாட்டு."

கார் இரண்டாவது சுற்றில் பிடித்துக்கொண்டது. பூந்தமல்லிக்காரர் கொஞ்ச நேரம் அதன் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு ஸ்கூட்டரை அங்கேயே விட்டுவிட்டு உள்ளே வந்து, காரில் உட்கார்ந்து அவரே ஓட்டிக்கொண்டு போனார். வருகிறேன் என்று மாமாவிடம் சொல்லிவிட்டுத்தான் போனார்.

இப்போது பொறி பாய்ந்தால் விளக்கு எரிகிற டெஸ்டர் எல்லாக் கடையிலும் கிடைக்கிறது. என்னிடமும் ஒன்று இருக்கிறது, சமர்த்தாக வேலை செய்கிறது. அந்தக் கொட்டகையில் மட்டும் மாமா தொழிலை விடும்வரை அக்காதான் பிடித்தாள். அவள் வாய் எவ்வளவு நீளுகிறதோ அவ்வளவு நல்ல மேக்னெட்டோ என்று வருகிறவர்களுக்கும் பழகிவிட்டது. அவள் திட்டாமல் வயரைக் கீழே வைத்த நாட்களில் மாமா பெட்டியை மறுபடி பிரித்து உட்கார்ந்துவிடுவார்.