என்னிடம் பேசாத பிள்ளை

அந்தப் பிள்ளையின் அத்தைக்காரிமேல் எனக்கு இருந்தது பொறாமைதான் என்று ஒத்துக்கொள்ள வருஷக்கணக்காயிற்று. அப்போது அதற்கு வேறு பெயர் வைத்திருந்தேன். சிகிச்சை முறை.

எண்பதுகளின் தொடக்கம். மதுரையில் ஒரு கல்லூரியில் உளவியல் நடத்திக்கொண்டிருந்தேன். சின்ன வயதில் பட்ட மனக்காயம் பிள்ளைகளை என்ன செய்கிறது என்பது என் ஆய்வு. சனிக்கிழமை தோறும் ரயிலேறிப் போடிக்கு வருவேன். ஒரு பள்ளிக்கூடத்தில் எனக்கென்று ஓர் அறை விட்டிருந்தார்கள். ஜன்னலைத் திறந்தால் மலை, மலைமேல் மேகம். சாத்தினாலும் ஏலக்காய் மணம் உள்ளே வந்துவிடும்.

அந்தப் பிள்ளைக்கு ஏழு வயது. குரங்கணிக்கு மேலே ஏலத்தோட்டத்தில், ஐப்பசி மழையில் மண்சுவர் சரிந்து தாய் செத்துப்போனாள். காலையிலிருந்து உச்சிப்பொழுதுவரை பிள்ளை தாயோடு மண்ணுக்குள் கிடந்திருக்கிறது. எடுத்தபோது உடம்பில் கீறல்தான். பேச்சு மட்டும் வரவில்லை. தகப்பன் அதைப் போடியிலிருக்கிற தன் தங்கையிடம் கொண்டுவந்து விட்டான். அவள் ஒரு கிட்டங்கியில், சரக்குக் கிடங்கில், ஏலக்காய் தரம்பிரித்துப் பொறுக்குகிறவள்.

மூன்று மாதம். பொம்மை வைத்தேன், வர்ண பென்சில் வைத்தேன், களிமண் வைத்தேன். எதிரே நாற்காலி போட்டு, முகத்துக்கு நேரே முகம் வைத்துக் காத்திருந்தேன். ஒரு சொல் விழவில்லை.

அப்புறம் ஒரு சனிக்கிழமை அத்தைக்காரி வாசலிலேயே சொன்னாள்.

"டாக்டரம்மா, புள்ள பேசுது."

"யார்கிட்ட?"

"எங்கிட்டத்தான். காய் பொறுக்கையில. பத்து நாளாச்சு. அவ ஆத்தாளப் பத்தித்தான் பேசுது."

"போன வாரம் வந்தீங்களே, ஏன் சொல்லல?"

"போன வாரம் நீங்க பொம்மைய வச்சுக்கிட்டு மும்முரமா இருந்தீக."

சிரித்தாள். பேசுகிறது! என் பிள்ளை, என் மூன்று மாதம், இந்தக் கைநாட்டுக்காரியிடம்.

"என்ன கேட்டீங்க அதுகிட்ட?"

"நான் என்னத்தக் கேக்க? வெரசா பொறுக்கவே நேரம் பத்தல."

நான் குரலை நிதானமாக்கிக்கொண்டேன். "இனிமே கிட்டங்கிக்குக் கூட்டிப்போகாதீங்க. என்கிட்ட மட்டும் பேசட்டும். நாலு பேர்கிட்டப் பேசினா கலங்கிப்போகும்."

எந்தப் புத்தகத்திலும் அப்படி இல்லை. அதைச் சொல்லும்போதே எனக்குத் தெரியும். படித்தவள் சொல்கிறாள் என்று அவள் தலையாட்டினாள். பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வேலைக்குப் போனாள்.

இரண்டு வாரம் கழித்து வந்தாள். "நீங்க சொன்னபடிதான் செஞ்சேன், டாக்டரம்மா. இப்ப எங்கிட்டயும் பேச மாட்டேங்குது. சோறும் எறங்கல."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். திட்டவில்லை.

"தப்பு என்னுது. கிட்டங்கிக்கே போவோம், நானும் வர்றேன்" என்றேன்.

உள்ளே பச்சைக் குவியல்கள். குவியலைச் சுற்றிப் பெண்கள், ஆளுக்கொரு சுளகு. எல்லாக் கண்ணும் காயில். பேச்சு தரையைப் பார்த்துப் பேசுகிற பேச்சு. யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. பார்த்தால் கை நின்றுவிடும்.

"அடியே, டாக்டரம்மாவும் சோலிக்கு வந்தாச்சு, ஒரு சுளகு போடுங்கடி!" என்றாள் ஒருத்தி.

உட்கார்ந்தேன். வெடித்த காயை நல்ல காயோடு போட்டேன்.

"இதுக்கா இத்தன படிப்பு?" என்று அத்தைக்காரி என் சுளகைத் தன்பக்கம் இழுத்துச் சரிசெய்தாள். பிள்ளை எங்களுக்கு நடுவில் பொறுக்கிக்கொண்டிருந்தது. அன்றைக்குப் பேசவில்லை. அடுத்த சனி பேசவில்லை. அதற்கடுத்த சனியும். என் பார்வைக்கு நேர் எதிரே அந்தப் பிள்ளை மூன்று மாதம் எப்படி நெளிந்திருக்கும் என்று, காயைப் பார்த்துக் குனிந்திருந்தபோதுதான் எனக்குப் பிடிபட்டது.

நாலாவது சனி.

"அத்தே, அம்மா கையப் புடிச்சிருந்தேன்."

யார் கையும் நிற்கவில்லை.

"சூடா இருந்துச்சு."

பேச்சு அதோடு நின்றுவிட்டது. எனக்குத் தொண்டைவரை வந்தது, 'பெறகு?' என்று. படித்த அத்தனை படிப்பும் அந்த ஒரு கேள்வியைப் பிடித்துத் தள்ளியது. உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

அத்தைக்காரி ஒரு வெடிகாயை ஒதுக்கிப் போட்டுவிட்டு, "ம்" என்றாள்.

"பெறகு சூடு இல்ல" என்றது பிள்ளை. சொல்லிவிட்டு அழுதது, முதல்முறையாக. அத்தையின் மடியில்தான்.

அந்த "ம்"மை வகுப்பில் எத்தனையோ முறை சொல்லிக் காட்டியிருக்கிறேன். கேட்காமல் கேட்பது, அவசரப்படாமல் வழிவிடுவது என்றெல்லாம் விளக்கியிருக்கிறேன். மாணவர்கள் எழுதிக்கொள்வார்கள். அவள் சொன்ன மாதிரி எனக்கு ஒருமுறைகூட வரவில்லை.