மருதாள் பார்த்த இரண்டாவது ஓட்டை

அந்த வருடம் திருப்பூரில் எல்லாருக்கும் மெட்ராஸ் ஐ வந்து ஒரு வாரத்தில் போனது. மருதாளுக்கு மட்டும் மூன்று மாதமாகியும் போகவில்லை. எப்படிப் போகும்? வந்ததே மெட்ராஸ் ஐ இல்லை.

கண் இரண்டும் முன்னால் தள்ளிக்கொண்டு வந்திருந்தன. அதைச் சொன்னால் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்வார்கள். போனால் கண்ணைத் தோண்டி எடுத்துவிடுவார்கள் என்று அவளாகவே முடிவு கட்டியிருந்தாள். மெட்ராஸ் ஐ என்று சொல்லிவிட்டால் தொல்லையில்லை. ஒட்டிக்கொள்ளும் என்று எவனும் முகத்தைப் பார்க்கமாட்டான்.

பனியன் கம்பெனியில் அவளுக்குச் செக்கிங் வேலை. தைத்து வந்த பனியனை விளக்கடியில் விரித்து, ஓட்டை தெரிந்தால் பக்கத்தில் ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்க வேண்டும். கண் போனால் சோறும் போச்சு.

கட்டிங் மாஸ்டர் ராக்கையாவுக்கு வாய் சும்மா இருக்காது. "கேட்டுல திருஷ்டிப் பூசணிக்கா தொங்குது. அது பத்தாதுன்னு உள்ளயும் ஒண்ணு உக்கார வெச்சிருக்காங்கப்பா!"

எல்லாரும் சிரித்தார்கள். மருதாளும் சிரித்தாள். சிரித்தாலாவது கண் சுருங்கும் என்று பார்த்தாள். சுருங்கவில்லை.

வீட்டில் புருஷன் சென்னியப்பன் உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டான். நெடியில் அவன்தான் இருமிச் செத்தான். "தூங்கறப்பக்கூட என்னையே மொறைச்சுட்டுப் படுத்திருக்கற மருதா, பயமா இருக்குது" என்று பீடியைப் பற்றவைத்தான். அவள் பயம் வேறு. தின்னத் தின்ன உடம்பு இளைத்தது. சும்மா உட்கார்ந்தாலும் நெஞ்சு தையல் மிஷினாக ஓடியது.

ஒருநாள் பக்கத்து மேசை முத்துப்பேச்சி, அவள் தெக்கத்திக்காரி, ஒதுக்கிய பனியன்களைப் புரட்டினாள்.

"யக்கா, ஒரு ஓட்டைக்கு எதுக்கு ரெண்டு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிய?"

"ரெண்டு ஓட்டை இருக்குதுல்ல கண்ணு?"

முத்துப்பேச்சி ஒரு விரலை நீட்டினாள். "இது எத்தனை?"

மருதாளுக்கு இரண்டு விரல் தெரிந்தது. ஏதாவது ஒரு பொய்யை அடித்துவிடலாம்தான். விரலைப் பிடித்துப் பார்க்கக் கையை நீட்டினாள்; காற்றுதான் கிடைத்தது.

"மெட்ராஸ் ஐயாம்! யார்ட்ட கதை விடுதிய? நாளைக்கே கோயமுத்தூர் போய்ட்டு வாங்க. இல்லைன்னா மாஸ்டர்ட்ட நானே சொல்லிருவேன்."

கோயமுத்தூருக்குச் சென்னியப்பனும் கூட வந்தான். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவள் கழுத்தைத் தடவினார். கையை நீட்டச் சொல்லி விரல்மேல் ஒரு காகிதத்தை வைத்தார். காகிதம் படபடவென்று ஆடியது.

"கோளாறு கண்ணோட நிக்கலம்மா. கழுத்துல தைராய்டு சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்யுது. அதோட சேர்ந்து கண்ணுக்குப் பின்னால சதை வீங்கி, கண்ணை வெளிய தள்ளுது."

"கண்ணை எடுத்துருவீங்ளா சாமி?"

"எடுக்கறதுக்கா இவ்வளவு தூரம் வந்தீங்க?"

ரத்தம் சோதித்து மாத்திரை எழுதினார். தூக்கத்திலும் மூடாத கண் காயாமலிருக்க, ராத்திரி போட ஒரு களிம்பு. பீடிப் புகை இந்தக் கண்ணுக்கு விஷம் என்றார். சென்னியப்பன் சட்டைப்பையைக் கையால் பொத்திக்கொண்டான். கடைசியாக ஒன்று சொன்னார். "தினமும் ஒரு கண்ணைப் பொத்திட்டு இன்னொன்னால சிவப்புத் துணியைப் பாருங்க. ஒரு கண்ணுல வெளுத்துத் தெரிஞ்சா, பார்வை நரம்பு நசுங்குதுன்னு அர்த்தம். அன்னைக்கே வந்துரணும்."

அதற்குப்பின் விடிவதே மருதாளுக்குப் பயமானது. கம்பெனியில் வெட்டிப்போட்ட சிவப்பு வேஸ்ட் துணியைப் பிடித்து இடது, வலது என்று பார்ப்பாள். இரண்டும் சிவப்பு என்றால்தான் காப்பி இறங்கும்.

ஒரு காலை வலது கண்ணில் துணி செங்கல் நிறத்தில் தெரிந்தது. வெயிலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள். செங்கல். கண்ணைக் கழுவிப் பார்த்தாள். செங்கலேதான். அன்றைக்குப் பார்த்து ஷிப்மெண்ட், சரக்கு அனுப்பும் நாள். லீவு போட்டால் அவள் மேசையில் வேறொருத்தி உட்காருவாள். நாளைக்குப் போகலாமா என்று நினைத்தாள். இன்னொரு முறை துணியைப் பார்த்தாள்.

"ஏனுங்க, எந்திரிங்க. செருப்பைப் போடுங்க."

கோயமுத்தூர் பஸ்ஸைப் பிடித்தார்கள். டாக்டரம்மா பார்த்துவிட்டு, "இன்னும் நாள் கடத்தியிருந்தா கஷ்டம். நல்ல நேரத்துல வந்துட்டீங்க" என்றார். வீக்கம் வற்றக் கை நரம்பில் மருந்து ஏற்ற வேண்டுமாம். படுக்க வைத்தார்கள். நர்ஸ் ஊசியை எடுத்துக்கொண்டு குனிந்தாள்.

"பயந்துக்காதீங்க. கண்ணை இறுக்கி மூடிக்குங்க."

"அதை மூடறதுக்குத்தானுங்களே வந்திருக்கறேன்" என்றாள் மருதாள்.