வரிசைக்குக் கீழே ஓடிய தூசு

நான் ஆராய்ச்சி செய்வது தூசைப் பற்றி. ஆம்பூரில் பிறந்தவன் தூசைப் படிக்கக் காட்பாடி வரை ரயிலேறிப் போகிறானே என்று, ஷூ ஃபேக்டரியில் தோலைத் தேய்த்து வழவழப்பாக்கும் பஃபிங் மெஷின் ஓட்டும் என் தோஸ்துக்கு ஒரே சிரிப்பு. "இன்னாத்துக்குடா அவ்ளோ தூரம்? எங்க மெஷினாண்ட வா, ஓசியிலயே ஜாஸ்தியா கீது."

எங்கள் லேப் தூசுக்கு மரியாதையே வேறு. காற்றை உறிஞ்சியெடுத்த எஃகுப் பாத்திரத்தில் கொஞ்சம் ஆர்கான் வாயு. மின்சாரம் பாய்ந்ததும் பிளாஸ்மாவாகி ஊதாவாய் ஒளிரும். மேலேயுள்ள சல்லடையைத் தட்டினால் பொடி விழும். ஒவ்வொரு துகளும் எலக்ட்ரான்களை வாரிக்கொண்டு, பக்கத்துத் துகளைத் தள்ளிவிட்டு, அந்தரத்தில் தேன்கூடு போல வரிசையாக நிற்கும். அதைப் பார்த்தால் என் ஹாஸ்டல் அறையையும் அடுக்கி வைக்கத் தோன்றும். தோன்றுவதோடு சரி.

லீவுக்கு ஊருக்குப் போய்த் திரும்பிய ஒரு திங்கட்கிழமை, வரிசைக்குக் கீழே தடித் துகள் ஒன்று குறுக்கே ஓடியது. லாங் பஜாரில் கைவண்டிக்கு டூவீலர்கள் விலகுவதுபோல, மேலே நின்றவை விலகி, அதன் பின்னால் மறுபடி சேர்ந்தன.

கேமராவில் பதிவான வீடியோவைப் பார்த்த என் ஆராய்ச்சி கைடு மேடம் முகம் சுளித்தார்.

"ஆம்பூர்லேர்ந்து நேரா லேபுக்கு வந்தியா?"

"ஆமா மேடம்."

"அப்ப இது உன் சட்டையில வந்த லெதர் தூசு. அழுக்கு. கட் பண்ணிடு."

என்னைத் திட்டலாம், அது தினசரிக் கணக்கு. எங்கள் ஊர்த் தூசையா?

"எங்கேருந்து வந்தா இன்னா மேடம்? ஓடினது ஓடினதுதானே. கட் பண்ண மாட்டேன்." கோபத்தில் 'இன்னா' வேறு வந்துவிட்டது.

"அப்ப மறுபடி ஓட வை. ஓடலன்னா தீசிஸ்ல அது கிடையாது."

தோஸ்த் பஃபிங் தூசைத் தீப்பெட்டியில் அடைத்துத் தந்தான். "பிரியாணில கொட்டிடாதடா, மசாலா மாதிரியே கீது."

நைசாகச் சலித்து, லேப் பொடியோடு சேர்த்துச் சல்லடையில் போட்டேன். மேடம் பக்கத்தில் நிற்கத் தட்டினேன். பொடி வரிசை கட்டி நின்றது, லெதர் தூசு மட்டும் கொத்தாய் ஒட்டிக்கொண்டு நேரே கீழே போனது. மறுபடி தட்டினேன். ஒன்றுமே விழவில்லை. மேடம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் பார்க்கவில்லை, தட்டினேன்.

ஓடியது! வரிசை விரிந்து மூடியது.

மேடம் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "சரிதான்ப்பா. ரெக்கார்ட் ஆச்சா?"

குதித்துக்கொண்டிருந்தவன் நின்றேன். கேமராவை ஆன் செய்யவே இல்லை.

"நவுராதீங்க மேடம், சல்லடையில இன்னும் நெறைய கீது" என்று சொல்லி, கேமராவை ஆன் செய்துவிட்டு, தட்டினேன்.