களைக்காட்டுப் பெண்கள் காப்பாற்றிய பள்ளிக்கூடம்

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. கோபம் மட்டும் அறுபது வயதுக்காரியினுடையது. மைசூரில் ஆசிரியைப் பயிற்சி முடித்த கையோடு, கொள்ளேகால் போகும் சாலையில், சமஸ்தான எல்லைக்கு இந்தப் பக்கம் இருந்த ஒரு கிராமத்துப் பெண்கள் பள்ளிக்கு என்னை அனுப்பினார்கள். ஒரே அறை, ஒரே ஆசிரியை. எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய தமிழ்க் குடியானவர்களின் ஊர் அது. பிள்ளைகளுக்கு வீட்டில் தமிழ், பள்ளியில் கன்னடம். இரண்டிலும் சளைக்காமல் வாயாடுவார்கள்.

பள்ளி சர்க்கார் மானியத்தில் நடந்தது. வருஷத்துக்கு ஒரு நாள் இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா வருவார். அன்றைக்கு வகுப்பில் எத்தனை பேர் இருக்கிறார்கள், கேட்ட கேள்விக்கு எத்தனை பேர் பதில் சொல்கிறார்கள் என்பதை வைத்துத்தான் மானியம். எனக்கு முன்னால் இருந்த ஆசிரியை காலத்தில் இரண்டு வருஷம் தொடர்ந்து தலை குறைந்துவிட்டது. இந்த முறையும் பதினைந்து பேருக்குக் குறைந்தால் பள்ளியை மூடிவிடுவோம் என்று கடிதம் வந்திருந்தது.

என் பிள்ளைகள் நன்றாகவே படித்தார்கள். மனக்கணக்கில் என்னையே திணறடித்த ஒருத்திகூட இருந்தாள். ஒரே தொல்லை, முக்கால்வாசிப் பேருக்கு இடுப்பில் ஒரு கைக்குழந்தை. அம்மா காட்டு வேலைக்குப் போனால் தம்பியோ தங்கையோ அக்காவோடு பள்ளிக்கு வந்துவிடும். ஒன்று அழுதால் மற்றவை சும்மா இருக்குமா? ஒரு குண்டுப்பயல் சாக்கட்டியைத் தின்றே விட்டான். வகுப்பென்றால் மூச்சுச் சத்தம்கூடக் கேட்கக் கூடாது என்று பயிற்சிப் பள்ளியில் எனக்கு ஊட்டி வளர்த்திருந்தார்கள். இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாவின் சோதனைக்கு மூன்று நாள் இருக்கும்போது உத்தரவு போட்டேன்: இனிமேல் குழந்தையோடு யாரும் உள்ளே வரக் கூடாது.

மறுநாள் மூன்று பேர் வந்தார்கள். அதற்கடுத்த நாளும் அதே மூன்று பேர். மூவருமே வீட்டில் கடைக்குட்டிகள்.

அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. விடிந்தால் சோதனை. மத்தியானம் பள்ளியைப் பூட்டிக்கொண்டு, சண்டை போடவே காட்டுக்குப் போனேன். ராகிக்குக் களையெடுக்கும் பருவம். பத்துப் பன்னிரண்டு பெண்கள் வரிசையாகக் குனிந்திருந்தார்கள். என் பிள்ளைகள் ஓரத்தில் குழந்தைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். என்னைக் கண்டதும் வகுப்பில் நிற்பதுபோல் எழுந்து நின்றார்கள்.

"நாளைக்கு இவா வரலைன்னா பள்ளிக்கூடத்தை மூடிடுவா. அப்புறம் என்னைக் குத்தம் சொல்லாதீங்கோ" என்று கத்தினேன்.

முதல் வரிசைப் பெண் நிமிர்ந்தாள். "கைக்கொழந்தையோட வரக்கூடாதுன்னு நீங்கதானுங்க டீச்சரம்மா சொல்லியிருக்கறீங்க. புள்ளைங்க சொன்ன பேச்சைக் கேட்டுருக்குதுங்க" என்றாள். குரலில் துளிக்கூடக் கோபம் இல்லை. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. நின்ற இடத்திலேயே என் உத்தரவைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்றேன். "அதுக்காக அழுகற கொழந்தைய வெச்சுக்கிட்டுப் பாடம் நடத்த முடியுங்களா?" என்று அவளே என்னைக் கேட்டாள்.

அந்த ஊரில் களையெடுப்புக்குக் கூலி கிடையாது. இன்று உன் காட்டில் எல்லோரும், நாளை என் காட்டில் எல்லோரும். அதற்கு முறை என்று பெயர். ஒருத்தி ஒரு நாள் தவறினால், அவள் காட்டிலும் ஒரு ஆள் குறையும். அந்த முறையை என் கண் முன்னாலேயே, களை பிடுங்கியபடியே, மாற்றிப் போட்டார்கள். தினம் ஒருத்தி களைக்கு வராமல், பள்ளிக்கூடத்துப் புங்கமரத்தடியில் எல்லாக் குழந்தைகளையும் பார்த்துக்கொள்வாள். அவள் வரிசையை மற்றவர்கள் எடுத்துவிடுவார்கள். அவளுக்கும் அது களைக்கு வந்த நாளாகவே கணக்கு. ஒரு வாய் வெற்றிலை போடும் நேரத்துக்குள் பேச்சு முடிந்துவிட்டது. எங்கள் இலாகாவாக இருந்தால் இதற்கு நான்கு கமிட்டி போட்டிருப்பார்கள். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

காலையில் புங்கமரக் கிளைகளில் ஏழு தூளிகள் ஆடின; தவழ்கிற வயதுக்காரர்கள் நிழலில் மண்ணை அளைந்துகொண்டிருந்தார்கள். முதல் முறைக்கு அந்த முதல் வரிசைப் பெண்ணே வந்திருந்தாள். உள்ளே பதினெட்டுப் பேர். வண்டியை விட்டு இறங்கிய இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா நேராக மரத்தடிக்குப் போனார். இதற்கு யார் சம்பளம் கொடுக்கிறார்கள் என்று கன்னடத்தில் கேட்டார். என் உத்தரவையும் மறைக்காமல் நடந்ததைச் சொன்னேன். அவர் அந்தப் பெண்ணைப் பார்த்து, உன் மகள் எந்த வகுப்பு என்றார்.

"எனக்குப் பொண்ணு இல்லீங்க. ரெண்டும் பசங்க. ரெண்டும் வளந்துட்டானுங்க."

அப்படியானால் நீ ஏன் வந்தாய் என்று கேட்டார். அவளுக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. "இன்னைக்கு என்ற முறைங்க" என்றாள்.

பிள்ளைகள் அன்று வெளுத்து வாங்கினார்கள். மனக்கணக்குக்காரி கேள்வி முடிவதற்குள் விடையைச் சொல்லி, அவசரக்குடுக்கை என்று பெயர் வாங்கினாள். மானியம் நிற்காது என்று கிளம்பும்போதே இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா சொல்லிவிட்டார்.

சாயங்காலம் காட்டுக்கு ஓடினேன். அந்த ஊருக்கு உபகாரம் செய்ய மைசூரிலிருந்து வந்தவள் என்றுதான் அதுவரை என்னைப் பற்றி எனக்கு நினைப்பு. அந்த நினைப்பு போய், அவர்கள்மேல் ஆசையும் மரியாதையுமாக மூச்சிரைக்க நின்றேன். விஷயத்தைச் சொல்லிவிட்டு, "ஞாயித்துக்கிழமை எனக்கு லீவுதானே. என்னையும் உங்க முறையில சேத்துக்கோங்கோ" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். முதல் வரிசைப் பெண், மரத்தடியிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்தவள், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தன் இடத்தில் குனிந்தாள்.

"உங்களை எப்பவோ சேத்தியாச்சுங்க. நாங்க இங்க களையெடுக்கறோம், நீங்க அங்க புள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்கறீங்க. தெனமும் உங்க முறையுந்தானுங்க நடக்குது."