சனிக்கிழமைப் படிவம்

அந்த வருடம் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஒரு வேலை இருந்தது. அம்மா கிராம சுகாதார செவிலியர். வீடு வீடாகக் காய்ச்சல் பார்க்க அனுமந்தை வரை ஸ்கூட்டரில் போய்வந்தார். அப்பா உப்பளத்தில் மேஸ்திரி. பள்ளிக்கூடம் மூடியிருந்ததால் எனக்குக் கிடைத்த வேலை, அம்மாவின் போனில் வரும் படிவங்களை நிரப்புவது. ஆக்சிஜன் அளவு, தனிமையில் இருப்பவர்களின் பெயர், மாஸ்க் இருப்பு, எல்லாம் நான்தான். எனக்குப் பன்னிரண்டு வயது. ஒரு தவறும் வந்ததில்லை என்பதை இப்போதும் பெருமையோடுதான் எழுதுகிறேன்.

சனிக்கிழமை மட்டும் வேறு மாதிரி ஒரு படிவம் வரும். களப்பணியாளர்களின் மனநிலை பற்றி, தூக்கம் கெடுகிறதா, சோர்வாக இருக்கிறதா என்பதுபோலப் பத்துக் கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் ‘இல்லை’ தொடங்கி ‘எப்போதும்’ வரை ஐந்து பதில்கள்.

“எல்லாத்துக்கும் மொதல்ல இருக்கறதையே தட்டி வுட்டுடு” என்பார் அம்மா, ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டே.

நான்கு வாரம் அப்படியே தட்டினேன். ஐந்தாவது வாரம் மனம் ஒப்பவில்லை. காய்ச்சல் நூற்றொன்று என்றால் நூற்றொன்றுதானே போடுகிறோம். பார்க்காமலே எப்படி ‘இல்லை’ போடுவது? இப்போது நான் படிக்கும் லேப் டெக்னீஷியன் படிப்பில், பார்க்காததை எழுதாதே என்று முதல் வாரமே சொல்லிக்கொடுத்தார்கள். எனக்கு அது புதிதாக இல்லை.

பழைய கணக்கு நோட்டில் கட்டம் கட்டி அம்மாவைக் கவனிக்கத் தொடங்கினேன். தொற்று எங்களுக்கு ஒட்டிவிடக் கூடாது என்று அவர் முன்னறையில் தனியாகப் படுத்தார். கதவிடுக்கு எனக்குப் போதும். படுத்த நேரம், எழுந்து உட்கார்ந்த தடவைகள், தட்டில் மீந்த சோறு. வாசலுக்கு வந்த பிறகும் ஹெல்மெட்டைக் கழற்றாமல் ஸ்கூட்டர் மேலேயே உட்கார்ந்திருந்தது: செவ்வாய் இருபது நிமிடம், வியாழன் முப்பத்தைந்து. மாதம் தவறாமல் தான் பார்த்துவந்த கர்ப்பிணி ஒருத்தி இறந்துபோனதை, நாளைக்கு ரேஷனில் சர்க்கரை போடுகிறார்கள் என்பது போன்ற குரலில் வெள்ளிக்கிழமை அப்பாவிடம் சொன்னார். அதற்கு எந்தக் கட்டமும் பொருந்தாததால் நோட்டின் ஓரத்தில் எழுதிவைத்தேன்.

சனிக்கிழமை நோட்டைப் பார்த்து நிரப்பினேன். எட்டுக் கேள்விக்கு ‘எப்போதும்’ வந்தது. அனுப்பிவிட்டேன்.

திங்கள் மாலை போன் வந்தது. அம்மா பின்வாசலில் யூனிஃபார்மை அலசிக்கொண்டிருந்தார், ஸ்பீக்கரில் போடச் சொன்னார். மனநல ஆலோசகர் பேசுவதாக ஒரு பெண்குரல்.

“நான் நல்லாதான் இருக்கேன் மேடம். கை தவறித் தப்பா அழுத்திட்டேன் போல.”

“கை தவறினா ஒண்ணு ரெண்டு தவறும்ங்க. நீங்க எட்டு அழுத்தியிருக்கீங்க.”

அம்மா என்னைப் பார்த்தார். பிறகு ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, போனைக் காதில் வைத்தபடி உப்பளத்து வரப்பில் இறங்கி நடந்தார்.

“என்னா பாப்பா பண்ணி வச்சே?” என்றார் அப்பா. சொன்னேன். “சரியாப் போச்சு. முடியலன்னு எழுதிக் குடுத்தா வேலையில வச்சிருப்பாங்களா? அதும் இன்னும் பர்மனென்ட் கூட ஆகல.”

ஒரு மணி நேரம் கழித்து அம்மா திரும்பினார். முகம் வீங்கியிருந்தது. “நாலு நாள் லீவு போடச் சொல்லிட்டாங்க. இனிமே அந்த ஃபார்ம நானே போட்டுக்கறேன்” என்று மட்டும் சொன்னார். படுத்துத் தூங்கினார். மறுநாளும் தூங்கினார்.

லீவு என்பது வேலை போய்விட்டதை மரியாதையாகச் சொல்லும் முறை என்று அப்பா கருதினார். நானும் கருதினேன். படிவம் போட்டது நான், எனவே சரிசெய்ய வேண்டியதும் நான். புதன்கிழமை மதியம், அம்மா தூங்கும்போது போனை எடுத்து அந்த எண்ணை அழைத்தேன்.

“மேடம், அந்த ஃபார்ம் போட்டது நான். அவங்க பொண்ணு. அம்மா நல்லா வேல செய்வாங்க. எடுத்துடாதீங்க.”

“வேல எங்கயும் போகாது பாப்பா. ரெஸ்ட் எடுத்துட்டு அவங்களே போவாங்க. நீ எப்டி அவ்ளோ கரெக்டா போட்டே?”

“நோட்டுல இருக்குது மேடம். ரெண்டு மணிக்கு எழுந்தது, மூணே காலுக்கு எழுந்தது. ஒரு நாளும் விடல.”

“அப்போ நீ எப்போ தூங்குவே?”

அது பத்துக் கேள்விகளில் இல்லாத கேள்வி. ஆனாலும் மரியாதைக்குப் பதில் சொன்னேன். அம்மா தூங்கின பிறகு. சில நாள் நான் தூங்குவதில்லை, ஏனென்றால் அம்மா தூங்கினால் அவருக்கு மூச்சு வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

எதிர்முனையில் சத்தமே இல்லை. எங்கள் பக்கம் டவர் அடிக்கடி போகும். இரண்டு முறை ஹலோ சொல்லிப் பார்த்துவிட்டு வைத்துவிட்டேன். உடனே அதே எண் திரும்ப அழைத்தது. அம்மா விழித்துக்கொள்ளப் போகிறாரே என்று கட் செய்தேன். மறுபடியும் வந்தது, மறுபடியும் கட் செய்தேன். அம்மாவின் வேலை பத்திரமாக இருக்கிறது என்று அந்த மேடமே சொல்லிவிட்டார்; இன்னும் யாருக்காக அழைக்கிறார் என்று எனக்கு விளங்கவே இல்லை.