குசினிச் சுவரில் ஒட்டிய நேர அட்டவணை

பலெர்மோவில் எங்களுக்கு அது இரண்டாவது நோன்பு. மன்னாரிலிருந்து புத்தளம், புத்தளத்திலிருந்து கொழும்பு, கொழும்பிலிருந்து இந்தத் தீவு என்று அலைந்து வந்ததில் முதலாவது நோன்பு எப்படிப் போனதென்றே நினைவில்லை. இரண்டாவதையாவது ஒழுங்காகப் பிடிக்க வேண்டும் என்றார் உம்மா. எங்கள் வீட்டில் ஒழுங்கு என்பது என் பொறுப்பு.

ஊரில் நோன்பு திறக்க யாரும் மணி பார்ப்பதில்லை. பாங்கு கேட்கும், கையில் வைத்திருக்கும் பேரீச்சம்பழம் வாய்க்குப் போகும். பலெர்மோவின் பழைய நகரத்தில் ஒரு பள்ளிவாசல் இருந்தது. ஆண்கள் வெள்ளிக்கிழமை போய்வந்தார்கள். ஆனால் அங்கிருந்து பாங்கு எங்கள் வீடுகள் வரை வராது. அங்கே சுவரில் ஒட்டிய நேரங்களை வாப்பா பார்த்துவந்து சொல்வதற்குள் பாதி மறந்துவிடுவார்.

நான் கொழும்பில் படவரைஞர் டிப்ளோமா முடித்தவள். பலெர்மோவில் சிஞ்ஞோரா என்று நான் கூப்பிடும் ஓர் அம்மாவின் வீட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அந்த வீட்டுக்குத் தினமும் பத்திரிகை வரும். வானிலைப் பக்கத்தின் மூலையில் சூரியன் உதிக்கும் நேரமும் மறையும் நேரமும் போட்டிருப்பார்கள். பெப்ரவரியில் இரண்டு கிழமை அந்த எண்களைக் கொப்பியில் குறித்துவந்தேன். மறையும் நேரம் நாளுக்கு ஏறக்குறைய ஒரு நிமிடம் பிந்தியது. அதை அப்படியே முன்னோக்கி நீட்டி, பத்திரத்துக்கு இரண்டு நிமிடம் கூட்டி, முப்பது நோன்புக்கும் ஓர் அட்டவணை போட்டேன். அடிமட்டம் வைத்துக் கோடு, மையில் எண்கள், விடியுமுன் உண்ணும் சஹர் முடியும் நேரம் சிவப்பில். மூன்று பிரதி எடுத்தேன். ஒன்று ஸ்தாசியோனே சென்ட்ராலே என்ற பெரிய ரயில் நிலையத்துக்குப் பின்னாலிருந்த எங்கள் வீட்டுக் குசினிக்கு. ஒன்று ஒரேத்தோவில் இருந்த ஒரு மாமாவின் குடும்பத்துக்கு. மூன்றாவது பிரான்காச்சோவில் இருந்த ராத்தாவுக்கு.

ராத்தா எனக்கு உடன்பிறந்தவர் அல்ல. புத்தளம் முகாமில் பக்கத்துக் கொட்டிலில் இருந்தவர். அவருடைய கணவரை நானா என்பேன். முந்திய ஆண்டு நோன்புக்குப் பிள்ளை பெற்றுக் கிடந்தார். அதனால் முப்பது நோன்பும் களாவாகிவிட்டன, அதாவது பின்னொரு காலத்தில் பிடித்துக் கொடுக்க வேண்டியவை. குளிர்காலத்தில் பன்னிரண்டைப் பிடித்து முடித்திருந்தார். பதினெட்டு மிச்சம். இந்த முறை பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே நோன்பு பிடித்தார். விடலாம், சலுகை இருக்கிறது என்று உம்மா சொல்லியும் கேட்கவில்லை.

"இனி ஒண்டும் கூடக்கூடாது மாமி. கூடினா நான் மௌத்தாகுமட்டும் களா பிடிச்சுக்கொண்டிருக்க வேண்டியதுதான்."

மார்ச் கடைசிச் சனிக்கிழமை. சிஞ்ஞோரா எனக்குச் சொல்லியிருந்தார்: இன்றிரவு மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ள வேண்டும், கோடைகாலத்துக்கு இங்கே அப்படித்தான். என் பட்டியலில் எழுதிக்கொண்டேன். பருப்பு, சவர்க்காரம், பெர்மெஸ்ஸோ வதிவிட அனுமதிக்குப் புகைப்படம், மணிக்கூடு. சந்தையில் ராத்தாவைக் கண்டதும் அவருக்கும் சொன்னேன்.

"ஏனடி, இருக்கிற நேரம் இவங்களுக்குக் காணாதோ?"

"சிரிக்காதைங்கோ ராத்தா. மறந்தா நானாவுக்கு வேலைக்குப் பிந்திப்போகும்."

"நீ சொல்லி நான் எதை மறந்தனான்? இஞ்சை எனக்குப் பள்ளிவாசலும் நீதான், பாங்கும் நீதான்."

அன்றிரவு எங்கள் வீட்டு மணிக்கூட்டைத் திருப்பினேன். பட்டியலில் சரி போட்டேன். நித்திரையும் நன்றாக வந்தது.

மறுநாள் ஞாயிறு. பாலைவனத்திலிருந்து வரும் சிரோக்கோக் காற்று வீசி, வானம் முழுக்க மஞ்சள் தூசி. ஐந்து மணி கடந்து கஞ்சிக்கு அரிசி களைந்துகொண்டிருந்த உம்மா, பால்கனியில் உடுப்பு எடுக்கப் போய் அங்கேயே நின்றுவிட்டார்.

"பிள்ள, இண்டைக்கு எத்தினைக்குத் திறக்கிறது?"

"ஆறு இருபத்தேழு."

"இன்னும் ஒரு மணித்தியாலம்தானே. பொழுது அவ்வளவு உயரத்தில நிக்குது?"

தூசிக்குள் சூரியன் ஒரு வெள்ளித் தட்டுப்போல, எதிர்வீட்டுக் கூரைக்கு வெகு மேலே நின்றது. நான் குசினிச் சுவரைப் பார்த்தேன். மணிக்கூட்டைப் பார்த்தேன். மணிக்கூடு ஒரு மணித்தியாலம் முன்னே போயிருந்தது. சூரியன் போகவில்லை. என் அட்டவணையும் போகவில்லை. விடியற்காலையில் சஹர் ஒரு மணித்தியாலம் முந்தி முடிந்ததால் யாருக்கும் தெரியவில்லை. அன்று நோன்பு திறக்க வேண்டியது ஏழு இருபத்தேழுக்கு.

நான் பிறந்து வளர்ந்த ஊரில் மணிக்கூடும் வெயிலும் ஒன்றையொன்று விட்டுப் பிரிந்ததே இல்லை. இப்படிப் பிரியும் என்று தெரிந்திருந்தும், நான் மணிக்கூட்டை மட்டுமே திருத்தினேன்.

வாப்பா ஓர் உணவகத்தில் துனீசியர்களோடு கோப்பை கழுவுகிறவர். பள்ளிவாசல் நேரத்துக்கு அவர்களோடு சேர்ந்து திறப்பார். அவரைப் பற்றிக் கவலை இல்லை. கீழே இருந்த பார் என்னும் கோப்பிக்கடைக்கு ஓடி, ஒரேத்தோ மாமாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர் சிரித்தார்.

"நாங்கள் வெயிலைப் பாத்துத்தான் திறக்கிறனாங்கள் மகள். உன்ட கடதாசி வடிவுக்குத் தொங்குது."

வேறொரு நாளில் எனக்கு அழுகை வந்திருக்கும். அன்று அல்ஹம்துலில்லாஹ் என்றேன். ஆனால் ராத்தாவின் வீட்டில் தொலைபேசி இல்லை. வெயிலும் இல்லை. அது பெரிய அடுக்குமாடி ஒன்றின் கீழ்த்தட்டு. யன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் சுவர்தான். பகலிலும் விளக்குப் போட்டுத்தான் சமைப்பார்.

ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸை நம்ப முடியாது. ஸ்தாசியோனேயின் முன்னால் ஐந்தரையிலிருந்து நின்றேன். நடக்கலாமா என்று கணக்குப் போட்டேன். பாதி வழியில் பஸ் என்னைக் கடந்து போனால்? நின்றது பிழையா என்று பிறகு எத்தனையோ தரம் யோசித்திருக்கிறேன். பஸ் வரும்போது ஆறு பத்து. எனக்கு முன்னால் ஒரு கிழவர், கடதாசியில் சுற்றிய இனிப்புத் தட்டை மடியில் வைத்திருந்தார். சீனி வாசம். ஒவ்வொரு தரிப்பிலும் அவருடைய கைக்கடிகாரத்தை எட்டிப் பார்த்தேன். அவர் தட்டை மெல்ல மறுபக்கம் நகர்த்திக்கொண்டார்.

இறங்கும்போது ஆறு முப்பது. கட்டடங்களுக்கிடையே ஓடினேன். முக்காடு கழன்று தோளில் விழுந்தது.

ராத்தா கதவைத் திறந்தார். ஒரு கையில் பிள்ளை, உதட்டோரத்தில் கஞ்சி.

"யா அல்லாஹ், நோன்பு திறக்கிற நேரத்தில ரோட்டில என்ன செய்யிறாய்? வா, வா, இரு."

நானா இன்னும் வேலையால் வரவில்லை. மேசையில் பேரீச்சங்கொட்டை இரண்டு, பாதி குடித்த தண்ணீர், கஞ்சிக் கோப்பை. சுவரில் என் அட்டவணை. அன்றைய வரிசையின் கீழே பென்சிலால் மெல்லிய கோடு; முடிந்த நாட்களையெல்லாம் அப்படிக் கோடு போட்டுவைத்திருந்தார்.

நான் இருந்தேன். மூச்சு வாங்கியது. சொல்லத்தான் வந்தேன். ஆனால் அவருடைய முகத்தில் ஒரு நாள் முடிந்த நிம்மதி இருந்தது. தெரியாமல் செய்ததை அல்லாஹ் பொறுப்பான், நாளைக்கு வந்து, 'இன்றிலிருந்து ஒரு மணித்தியாலம் கூட்டுங்கோ' என்று சொன்னால் போதும், எனக்கும் மானம் போகாது என்று ஒரு நினைப்பு ஓடியது. ஓடியது என்பதை மறைக்க மாட்டேன்.

ராத்தா இன்னொரு கோப்பையில் கஞ்சி ஊற்றி என் முன்னால் வைத்தார். பேரீச்சம்பழத்தை எடுத்து என் கையிலேயே தந்தார்.

"பிந்தாதை, திற. நோன்பாளியைத் திறக்கவைச்ச நன்மை எனக்கு வரட்டும்."

குடித்தால் தெரிந்துகொண்டே என் நோன்பை முறித்தவளாவேன். குடிக்காவிட்டால் காரணம் சொல்ல வேண்டும். பேரீச்சம்பழம் உள்ளங்கையில் ஒட்டியது.

"ராத்தா, இன்னும் நேரம் வரேல்லை."

"எது?"

"மஃரிபு. நான் மணிக்கூட்டைத் தள்ளச் சொன்னன், கடதாசியை மாத்தேல்லை. இன்னும் ஐம்பது நிமிசம் கிடக்கு. வெளியில வெயில் நிக்குது."

ராத்தா பிள்ளையை என்னிடம் தந்துவிட்டு வெளியே போனார். கட்டடத்தின் மூலை வரை நடந்து, அங்கே நின்று வானத்தைப் பார்த்தது யன்னலால் தெரிந்தது. திரும்பிவந்து குழாயடியில் வாய் கொப்பளித்தார். என் கோப்பையையும் தன் கோப்பையையும் ஒரு தட்டால் மூடினார்.

"முறிஞ்சதுதானே, நீங்கள் குடியுங்கோ ராத்தா. பால் குடுக்கிற நீங்கள்."

"முறிஞ்சாலும் பொழுது படுமட்டும் இருக்கத்தான் வேணும். உனக்குத் தெரியாதே?" பிறகு அட்டவணையைப் பார்த்தார். "பத்தொன்பது."

அந்த எண்ணைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்தது. ராத்தா அழவிட்டார். பிறகு அட்டவணைக்குக் கிட்டப் போனார்.

"கோடெல்லாம் நேராத்தான் போட்டிருக்கிறாய்."

அந்த ஐம்பது நிமிடமும் பிள்ளை தட்டைத் தட்டி விளையாடியது. நான் பேனையை வாங்கி, மிச்சமிருந்த நாட்களின் எண்களை ஒவ்வொன்றாக வெட்டி, பக்கத்தில் புதிய எண்ணை எழுதினேன். ராத்தா பின்னால் நின்று ஒவ்வொரு வரியையும் விரலால் கூட்டிப் பார்த்தார். அதற்கு முன்பு அவர் அப்படிச் செய்ததே இல்லை.

ஏழு இருபத்தேழுக்கு இருவரும் மூலைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். பிறகுதான் நான் பேரீச்சம்பழத்தை வாயில் வைத்தேன். கஞ்சி ஆறி ஆடை கட்டியிருந்தது.

"அந்தப் பத்தொன்பதாவதை நானும் உங்களோட சேர்ந்து பிடிக்கிறன்," என்றேன்.

"உனக்கென்ன களா? உன்ட நோன்பு முழுசாத்தானே கிடக்கு."

"சும்மா பிடிக்கிறன்."

"அப்ப டிசம்பரில பிடிப்பம். பகல் கட்டை."

டிசம்பரில் ஒரு நாள் பிடித்தோம். அதற்குள் எங்கள் இரு வீடுகளுக்கும் தொலைபேசி வந்திருந்தது. அன்று மாலை நாலரைக்கு அவர்தான் எடுத்தார். சலாம் சொல்லிவிட்டுக் கேட்டார்:

"பிள்ள, இவங்கள் இண்டைக்கு மணிக்கூட்டில கைவைக்கேல்லைத்தானே?"

"இல்லை ராத்தா."

"எண்டாலும் நான் ஒருக்கா மூலைக்குப் போய்ப் பாத்திட்டு வாறன். வைக்காதை."

ரிசீவரைக் காதில் பிடித்தபடி, அவர் திரும்பி வரும் வரை காத்திருந்தேன்.