நிற்கும்போது நடுங்கும் கார்

எக்ஸ்ரே அறையில் வேலை பார்த்தவருக்கு ஆஸ்பத்திரி முழுக்க ‘அசையாதே’ என்றுதான் பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பிரிவுக்கு மட்டும் தெரியும். “மூச்ச இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க... ம், விடுங்க.” பணிக்காலம் முழுவதும் அவர் வாயிலிருந்து வந்ததெல்லாம் இவ்வளவுதான். படுத்திருந்தவர் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போவதற்குள் அடுத்தவர் வந்துவிடுவார். ஒரு ஆளின் விலா எலும்பு வரைக்கும் பார்த்துவிட்டு, நலமா என்று ஒரு வார்த்தை கேட்காமல் அனுப்புகிற உத்தியோகம் அது. வீட்டில் பேச மனைவி இருந்தவரை அவருக்கு அது ஒரு குறையாகவே படவில்லை.

மனைவி போய்ச் சேர்ந்த அடுத்த வருஷம் ஓய்வும் வந்து சேர்ந்தது. ஒரே மகள் வேறு ஊரில் வேலையிலும் பிள்ளைகளிலும் மாட்டிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் நலம் விசாரிப்பாள். மற்ற நாட்களில் மூன்றாவது மாடி வீட்டில் அவரும் மின்விசிறியும்தான். பகலெல்லாம் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு மாலையில் பால் வாங்கப் போனால் முதல் வார்த்தை தொண்டையிலேயே நின்றுவிடும். “சளி புடிச்சிருக்கா சார்?” என்று கடைக்காரர் கேட்பார். ஆமாம் என்று தலையை ஆட்டிவிட்டு வருவார். பேசாமல் இருந்து பேசாமல் இருந்து குரல் துருப்பிடித்துவிட்டது என்று கடையில் நின்றுகொண்டு யாரிடம் சொல்ல முடியும்?

அந்தச் சமயத்தில்தான் மச்சான் ஊரைக் காலி செய்துகொண்டு போகும்போது தன் பழைய காரை இவர் தலையில் கட்டிவிட்டுப் போனார். ஓடும்போது அது நல்ல கார். சிக்னலில் நின்றால் போதும், குளிர்க்காய்ச்சல் வந்த மாதிரி உடம்பெல்லாம் நடுங்கும். ஸ்டீயரிங் கைக்குள் படபடக்கும். பின்னால் நிற்கும் வண்டிகள் கண்ணாடியில் இரண்டிரண்டாகத் தெரியும். பச்சை விழுந்து நகர்ந்ததும் ஒன்றுமே நடக்காத மாதிரி சாதுவாகிவிடும். பயந்துபோய் அதைச் சந்துக்குள் இருந்த ஒரு ஷெட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனார்.

அங்கிருந்த மெக்கானிக்குக்கு நாற்பது வயதிருக்கும். பானட்டைத் திறப்பதற்கு முன்பே வாயைத் திறந்துவிடுகிற ஆள். நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை இஞ்சின்மேல் வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டி, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

“இஞ்சின் மேல தப்பில்ல சார். உள்ள நாலு அறையில மாத்தி மாத்தி வெடிக்குது. ஓடும்போது வேகமா வெடிக்கிறதால ஒன்னோட ஒன்னு ஒட்டிக்கும், நமக்குத் தெரியாது. நிக்கும்போது நிதானமா வெடிக்குதா, ஒவ்வொரு உதையும் தனித்தனியா விழும். அந்த உதைய வாங்கிக்கத்தான் அடியில ரப்பர் வச்ச மவுண்டிங் இருக்கு. உங்களோடது கிழிஞ்சு தொங்குது. அதான் எல்லாம் நேரா உங்க இடுப்புக்கு வருது.”

“ஓடும்போது தெரியாதா?”

“தெரியாது சார். சும்மா நிக்கும்போதுதான் எல்லாம் தெரியும்.”

அது தன்னைப் பற்றிய பேச்சு போல அவருக்குப் பட்டது. அவராக நினைத்துக்கொண்டதுதான், மெக்கானிக் பாவம், மவுண்டிங்கைப் பற்றித்தான் சொன்னார்.

வேலை முடிய மாலையாயிற்று. இடிபட்ட ஏதோ ஒரு வண்டியிலிருந்து கழற்றிய பின்சீட் சுவரோரமாகக் கிடந்தது. அதில் உட்கார்ந்து டீ குடித்தார். மெக்கானிக் காருக்கு அடியில் படுத்துக்கொண்டே பேசினார்: மாமியாரின் பிடிவாதம், சண்டை போட்டுக்கொண்டு வந்த தம்பதியின் கார் எப்படி அவர்களைவிட அதிகமாகக் கத்தியது, எல்லாம். நம்ம ஆளும் பேசினார். நாணயத்தை விழுங்கிவிட்டு வந்த பெரிய மனிதர் ஒருவர், படத்தை மனைவியிடம் காட்டாதே என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சிய கதையைச் சொன்னார். காருக்கு அடியிலிருந்து சிரிப்பு வந்தது. தன் பேச்சைக் கேட்டு இன்னொருவர் சிரித்து எவ்வளவு காலம் ஆயிற்று என்று நினைத்தபோது அவருக்குக் கண் கலங்கியது.

மறுநாள் சிக்னலில் கார் சமர்த்தாக நின்றது. அவருக்குச் சப்பென்றாகிவிட்டது. வண்டி நன்றாக இருந்தால் ஷெட்டில் என்ன வேலை? சும்மா வந்தேன் என்று போய் நிற்பதற்கும் ஒரு பழக்கம் வேண்டும். அது அவருக்கு இல்லை. ஆஸ்பத்திரியில் சீட்டு இல்லாமல் யாரும் அவர் அறைக்குள் வந்ததில்லையே.

இஞ்சினுக்குப் பின்பக்கம் ஓடும் ஒரு மெல்லிய ரப்பர் குழாயை மெக்கானிக் பேச்சுவாக்கில் காட்டியிருந்தார். அது கழன்றால் வேண்டாத காற்று உள்ளே போகும்; நிற்கும்போது இஞ்சின் தடுமாறும். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவரே அதைக் கழற்றி விட்டார். கார் நடுங்கியது. சந்தோஷமாக ஓட்டிக்கொண்டு போனார். மெக்கானிக் ஒரே நிமிஷத்தில் கண்டுபிடித்து மாட்டிவிட்டு, “போய்ட்டு வாங்க சார்” என்றார். டீ கூட வரவில்லை.

அப்போதுதான் பழைய தொழில் புத்தி வேலை செய்தது. மயிரிழை போன்ற எலும்பு விரிசல், கோணம் தப்பினால் படத்தில் விழவே விழாது. அதை எப்படிப் பிடிப்பது என்று தெரிந்தவருக்கு எப்படி மறைப்பது என்று தெரியாதா? அதே குழாயின் அடிப்பக்கம், கண்ணுக்குப் படாத பின்புறத்தில், பிளேடால் மெல்லிசாக ஒரு கீறல் போட்டார். சும்மா இருக்கும்போது அது வாய் திறக்கும். தொட்டுப் பார்க்கக் கையில் பிடித்தால் மூடிக்கொள்ளும்.

இந்தத் தடவை மெக்கானிக்குக்குப் பிடிபடவில்லை. பிளக் மாற்றினார். காற்று வடிகட்டியைச் சுத்தம் செய்தார். மவுண்டிங்கைத் திரும்பவும் இறக்கி ஏற்றினார். “நாளைக்கு வாங்க சார், இன்னொரு தடவ பாத்துடுவோம்” என்பார். நம்ம ஆள் நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு மறுநாள் போவார். நாள் வாரமாயிற்று, வாரம் மாதமாயிற்று. பின்சீட்டில் அவருக்கென்று ஒரு பள்ளமே விழுந்துவிட்டது. மெக்கானிக்கின் பேச்சு குறைந்துகொண்டே வந்ததை அவர் கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை. தன் குரல் திரும்பி வந்த மகிழ்ச்சியில் அவரே பேசிக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் மதியம் மெக்கானிக் பானட்டைத் திறக்கவே இல்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“ஷெட்ட விட்டுடலாம்னு இருக்கேன் சார்.”

“ஏன் தம்பி?”

“காது போயிடுச்சு. உங்க வண்டியில ஏதோ இருக்கு, எனக்குக் கேக்க மாட்டேங்குது. முன்னல்லாம் வண்டி சந்து முனை திரும்பும்போதே சொல்லிடுவேன். இப்ப மத்த வண்டியிலயும் சந்தேகம் வந்துடுச்சு, நேத்து ரெண்டு பேரத் திருப்பி அனுப்பிட்டேன். பெரிய சர்வீஸ் சென்டர்ல கார் கழுவ ஆள் எடுக்குறாங்களாம். கழுவுறதுக்குக் காது வேண்டியதில்ல பாருங்க.”

சிரிக்க முயன்றார். சிரிப்பு வரவில்லை.

நம்ம ஆள் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். சொல்லாவிட்டால் ஷெட் போய்விடும். சொன்னால் ஷெட் இருக்கும், ஆனால் இந்தப் பின்சீட் தனக்கு இருக்காது. எப்படிப் பார்த்தாலும் நாளையிலிருந்து போக இடமில்லை. ஒரு நிமிஷம், சொல்லாமலே எழுந்து போய்விடலாமா என்றுகூட நினைத்தார். அப்படி நினைத்ததற்காகப் பிற்பாடு வெகுநாள் வெட்கப்பட்டார்.

எழுந்து போய் பானட்டைத் தூக்கி, குழாயை நெம்பித் திருப்பிக் காட்டினார்.

“இங்க பாருங்க. நேராப் பாத்தா தெரியாது.”

மெக்கானிக் குனிந்து பார்த்தார். “அட, எலி கடிச்சிருக்கு!”

“எலி இல்ல தம்பி. நான்தான். பிளேடால.”

“நீங்களா? எதுக்கு சார்?”

“இங்க வந்து உக்காரணும்ல.”

மெக்கானிக் கீறல் விழுந்த குழாயை உருவி எறிந்தார். புதுக் குழாய் எடுத்து மாட்டினார். இஞ்சினைக் கிளப்பி, ஸ்க்ரூடிரைவரைக் காதில் வைத்துக் கண்ணை மூடினார். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. காது போகவில்லை என்கிற நிம்மதிதான் அது. பிறகு பானட்டை ஓங்கி அறைந்து சாத்தினார்.

“வீட்ல சொல்லிச் சொல்லி அழுதேன் சார் நான். நீங்க இங்க உக்காந்து என்னப் பாத்துக்கிட்டே டீ குடிச்சீங்க.”

“தம்பி...”

“கெளம்புங்க சார். இனிமே இந்தப் பக்கம் வராதீங்க.”

வழியில் முதல் சிக்னலில் கார் நின்றது. துளி அதிர்வு இல்லை. இஞ்சின் அணைந்துவிட்டது என்று நினைத்து மறுபடி சாவியைத் திருப்பினார். ஓடிக்கொண்டிருந்த இஞ்சின் கறகறவென்று அலறியது. பக்கத்தில் பைக்கில் இருந்தவர் திரும்பி முறைத்தார். அசடு வழிய உட்கார்ந்திருந்தார். இதைச் சொன்னால் விழுந்து விழுந்து சிரிக்கக்கூடிய ஒரே ஆள் அவரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மகள் கூப்பிட்டாள். இத்தனை மாதமாக அவர்கள் பேச்சில் பாதி காரைப் பற்றித்தான்.

“வண்டி என்னப்பா ஆச்சு? இன்னும் ஆடுதா?”

“சரியாயிடுச்சும்மா.”

“அப்பாடா. நல்லதாப் போச்சு. என்னதாம்பா கோளாறு?”

எலி என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் ஒரு தடவை உண்மையைச் சொல்லி எல்லாம் போன பிறகு, இன்னொரு தடவை சொல்ல அவ்வளவு பயமாக இல்லை.

“கோளாறே இல்லம்மா. நானே கெடுத்து வச்சேன். ஷெட்டுல போயி உக்காந்தா ரெண்டு வார்த்த பேசலாம்னு. எனக்குப் பேச ஆள் இல்லம்மா.”

அந்தப் பக்கம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த சத்தம் நின்றது. திட்டப் போகிறாள் என்று காத்திருந்தார். மூக்கை உறிஞ்சுகிற சத்தம்தான் கேட்டது.

“எனக்கும்தாம்பா” என்றாள்.

அதற்குமேல் என்ன பேசுவதென்று இருவருக்குமே தெரியவில்லை. ஆனால் போனை யாரும் வைக்கவில்லை.